கழுத்து ரத்தக்குழாயில் 80 சதவீத அடைப்பு: ஆபரேஷனா, ஸ்டென்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. 14 வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் இருக்கின்றன. 6 வருடங்களுக்கு முன் இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தோம். போன வாரம் பல் பிடுங்குவதற்காக ஆஸ்பிரினை ஐந்து நாள் நிறுத்தியிருந்தார். 5 நாட்களுக்கு முன் இடது கண்ணில் திரை இறங்கியதுபோல் இருட்டியது. ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. மறுநாள் வலது கை மரத்து டம்ளர் நழுவியது, பேச்சும் குழறியது. அரை மணி நேரத்தில் அதுவும் சரியானது. டாப்ளர் ஸ்கேனில் கழுத்து ரத்தக்குழாயில் இடது பக்கம் 80 சதவீதம், வலது பக்கம் 60 சதவீதம் அடைப்பு என்கிறார்கள். ஒரு டாக்டர் கழுத்தில் ஆபரேஷன் வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஸ்டென்ட் போதும் என்கிறார். அப்பாவோ, “எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, தை பிறக்கட்டும், பார்க்கலாம்” என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்: தை வரை பொறுக்காதீர்கள். ஆபரேஷனா ஸ்டென்டா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி எத்தனை நாளுக்குள் என்பது. அதற்குப் பதில், முதல் அறிகுறி வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள். அதில் 5 நாட்கள் போய்விட்டன.

இடது கண்ணும் வலது கையும் வெவ்வேறு நோய் போலத் தோன்றும். இரண்டும் காட்டுவது ஒரே இடத்தைத்தான். இடது கழுத்துத் தமனி இடது கண்ணுக்கும் இடது மூளைக்கும் ரத்தம் தருகிறது. இடது மூளைதான் வலது கையையும், பெரும்பாலானவர்களுக்குப் பேச்சையும் ஆள்கிறது. தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், தாடை எலும்புக்குச் சற்றுக் கீழே, கொழுப்பும் சுண்ணாம்புமாகப் படிவு சேர்ந்திருக்கிறது. ரத்தம் குறைவாகப் போவதால்தான் பக்கவாதம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மூளைக்குப் போகும் நான்கு பெரிய ரத்தக்குழாய்களும் மூளையின் அடியில் வளையமாக இணைந்திருப்பதால் ஒன்று குறைந்தால் மற்றவை பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். உண்மையான ஆபத்து, படிவின் மேல்தோல் வெடித்து அங்கே ரத்தம் உறைவதும், அந்த உறைவு துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து மேலே போவதும்தான். அப்பாவுக்கு இரண்டு துணுக்குகள் போய்க் கரைந்திருக்கின்றன. அடுத்தது கரையாமல் நின்றால் அது முழுப் பக்கவாதம். அந்த வாய்ப்பு முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். ‘ஒன்றும் இல்லை’ என்று அவர் சொல்லும் இந்த நாட்கள்தான் அவை.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது, ஆஸ்பிரினை மறுபடி தொடங்குவது. சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்க ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையே இல்லை. பஞ்சை அழுத்திக் கடித்தாலே ரத்தம் நின்றுவிடும். இதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர் தானாக நிறுத்தவே கூடாது. இப்படி அறிகுறி வந்து போனவர்களுக்கு முதல் 3 வாரங்கள் ஆஸ்பிரினோடு, அதைப் போலவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோகிரெலும் சேர்ப்பது வழக்கம். ஆபரேஷன் நாள் குறித்தால் இரண்டாவது மாத்திரையை என்ன செய்வது என்று அறுவை நிபுணர் முடிவு செய்வார். அதோடு கொலஸ்ட்ரால் மாத்திரையான அடோர்வாஸ்டாடின் அதிக அளவில், 40 முதல் 80 மில்லிகிராம். கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் இது வேண்டும். படிவின் மேல்தோலை உறுதிப்படுத்தும் வேலையை இந்த மாத்திரை செய்கிறது. இவற்றை எழுதி வாங்க நாளைக்கு என்று தள்ளாதீர்கள். இன்றே நரம்பியல் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னால் சேருங்கள்.

அடுத்து, அந்த 80 என்ற எண்ணைச் சரிபார்க்க வேண்டும். டாப்ளர் அடைப்பை நேராக அளப்பதில்லை, ரத்தம் பாயும் வேகத்தை அளக்கிறது. உச்ச வேகம் வினாடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் 50 சதவீதத்துக்கு மேல் என்றும், 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல் என்றும் கணக்கு. ரிப்போர்ட்டில் அந்த வேகம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் கடுமையாக அடைத்திருந்தால் மறுபக்கம் கூடுதல் ரத்தம் பாய்ந்து, அங்குள்ள அடைப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியக்கூடும். அப்பாவின் வலது பக்க 60 அப்படியும் இருக்கலாம். போதாக்குறைக்கு, சதவீதம் கணக்கிடும் முறையே இரண்டு. ஐரோப்பிய முறையில் 80 என்பது வட அமெரிக்க முறையில் 65-ஐ ஒட்டித்தான் வரும். கீழே நான் சொல்லும் எண்கள் வட அமெரிக்க முறைக்கானவை. ஆகவே சி.டி. ஆஞ்சியோ (மருந்து செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஸ்கேன்) ஒன்று எடுத்து உறுதி செய்யுங்கள். அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் ஸ்கேன் அறையில் சொல்லுங்கள். மூளைக்கு எம்.ஆர்.ஐ., இதயத்துக்கு எக்கோ, ஈ.சி.ஜி. ஆகியவையும் வேண்டும். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவதாலும் உறைவு கிளம்பலாம். அப்படியென்றால் மருந்தே வேறு.

அறிகுறி தந்த பக்கத்தில் 70 முதல் 99 சதவீத அடைப்பு உறுதியானால், படிவை எடுத்துவிடுவதன் பலன் பெரியது. 1991-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 2 ஆண்டுகளில் 26 சதவீதத்தினருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் 9 சதவீதம். ஆபரேஷனால் வந்த பக்கவாதமும் அந்த 9-க்குள் அடக்கம். 50 முதல் 69 வரை என்றால் பலன் குறைவு, 50-க்குக் கீழே பலனே இல்லை. ரத்தக்குழாய் முழுவதும் அடைத்துப்போனால் அதைத் திறக்க முயல்வதில்லை. அடைப்புக்கு மேலே குழாய் நூலாகச் சுருங்கிவிட்டவர்களுக்கும் பெரும்பாலும் மருந்தே போதும். நாள் தள்ளத் தள்ள இந்தப் பலனும் கரைந்துகொண்டே போகிறது. அதனால்தான் 14 நாள் என்ற கெடு.

இனி, இரண்டில் எது. ஆபரேஷன் என்றால், கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் முன் ஓரத்தை ஒட்டி 7 முதல் 10 சென்டிமீட்டர் கீறுவார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுத்துத் தமனியை மேலும் கீழும் கவ்வியால் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்றால் உள்ளே ஒரு சிறு குழாயைச் செருகி ரத்தத்தைச் சுற்றுவழியில் விடுவார்கள். பிறகு தமனியைத் திறந்து, படிவை உள்சுவரோடு ஒரே தோலாக உரித்தெடுப்பார்கள். வெட்டிய இடத்தை அப்படியே தைத்தால் குறுகிவிடும் என்பதால் செயற்கைத் துணி அல்லது மாட்டின் இதய உறையிலிருந்து செய்த ஒட்டு வைத்துத் தைப்பதே நல்லது. முழு மயக்கத்திலும் செய்யலாம், கழுத்தை மட்டும் மரக்கவைத்தும் செய்யலாம்; முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஸ்டென்ட் என்றால், தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் கம்பியை ஏற்றி, அடைப்பைத் தாண்டி, பிய்ந்து வரும் துணுக்குகளைப் பிடிக்க வடிகட்டிக் குடை ஒன்றை விரித்துவிட்டு, பிறகு வலைக்குழாயை வைத்து பலூனால் விரிப்பார்கள். பலூன் விரியும்போது கழுத்திலுள்ள அழுத்த உணர்வு நரம்பு தூண்டப்பட்டு நாடித்துடிப்பும் பி.பி.யும் சட்டென்று இறங்கும். நாடித்துடிப்பை ஏற்றும் அட்ரோபின் ஊசியைத் தயாராக வைத்திருப்பார்கள். கழுத்தில் தழும்பு இல்லை, நரம்புக் காயம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், கம்பி மார்புக்குள் உள்ள பெருந்தமனி வளைவைத் தாண்டித்தான் வர வேண்டும். வயதானவர்களுக்கு அந்த வளைவு நெளிந்தும் சுண்ணாம்பு படிந்தும் இருக்கும். கம்பி உரசும் இடத்திலெல்லாம் துணுக்கு கிளம்பலாம், குடை விரிவதற்கு முன்பே.

2010-ல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1 சதவீதம், ஆபரேஷன் செய்தவர்களில் 2.3 சதவீதம். மாரடைப்பு நேர்மாறாக 1.1, 2.3. நீண்ட காலப் பாதுகாப்பில் இரண்டும் ஏறத்தாழச் சமம். வயது 70-ஐ நெருங்க நெருங்க ஆபரேஷன் பக்கம் தராசு சாய்கிறது. அறிகுறி வந்த முதல் வாரத்தில் வெடித்த படிவு இன்னும் ஆறாமல் இருக்கும். அதை பலூனால் நசுக்குவதைவிட வெளியே எடுப்பதே பத்திரம். எனவே 68 வயதில், 5 நாட்களுக்கு முன் அறிகுறி வந்த உங்கள் அப்பாவுக்கு நான் ஆபரேஷனைத்தான் சொல்வேன். 6 வருடத்துக்கு முந்தைய இதய ஸ்டென்ட் இதற்குத் தடை இல்லை. மாடி ஏறினால் நெஞ்சுவலி வராமல், எக்கோவும் சுமாராக இருந்தால் போதும்.

முன்பு கழுத்தில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ, அதே இடத்தில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, அடைப்பு தாடை எலும்புக்குப் பின்னால் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தாலோ, இதயம் மிகப் பலவீனமாக இருந்தாலோ ஸ்டென்ட்தான் சரி. அப்போது ஆஸ்பிரினும் க்ளோபிடோகிரெலும் சேர்த்துக் குறைந்தது 4 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள், 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ எத்தனை பேருக்கு நேர்ந்தது? அறிகுறி வந்தவர்களில் அது 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பழகிய கை ஸ்டென்டுக்கு மட்டும் இருக்கும் ஊரில் நான் மேலே சொன்ன தராசு மாறிவிடும். இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. இந்த வேலையைப் பொறுப்பாகச் செய்கிறவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.

வலது பக்க 60 சதவீதத்தை இப்போது தொட வேண்டாம். அது அறிகுறி தரவில்லை. இன்றைய மருந்துகளோடு அப்படிப்பட்ட அடைப்பில் பக்கவாதம் வருவது வருடத்துக்கு நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பேருக்குத்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரவு கழுத்தில் வீக்கம் கூடுகிறதா, குரல் அடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாயை நெரித்துவிடும்; நர்ஸை உடனே கூப்பிடுங்கள். நாக்கு ஒரு பக்கம் சாய்வது, குரல் கரகரப்பது, உதட்டோரம் கோணுவது ஆகியவை நரம்பு இழுபட்டதால் வருபவை. சுமார் 5 சதவீதத்தினருக்கு வரும், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். காது மடலும் தாடையோரமும் மரத்திருப்பது சகஜம், ஷேவ் செய்யும்போது கவனம் வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் பயப்பட வேண்டியது தலைவலிக்கு. பல காலம் குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைப்பகுதியில் திடீரென்று முழு வேகத்தில் ரத்தம் பாயும்போது, பி.பி. ஏறினால் வீங்கும், கசியும். முதல் இரண்டு வாரம் காலை, மாலை பி.பி. பாருங்கள், மேல் எண் 140-க்குள் நிற்க வேண்டும். ஆபரேஷன் செய்த பக்கமாகக் கடுமையான தலைவலி, வலிப்பு, குழப்பம் வந்தால் மாத்திரை போட்டுப் படுக்கவைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை எதுவும் கூடாது. சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பதும், கழுத்தை அழுத்திப் பிடித்துவிடுவதும் வேண்டவே வேண்டாம். எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 70-க்குக் கீழே, பி.பி. நாளடைவில் 130/80-க்குக் கீழே வர வேண்டும். டாப்ளரை 1 மாதம், 6 மாதம், பிறகு வருடம் ஒருமுறை எடுங்கள். முதல் 2 வருடத்தில் மறுபடி குறுகினால் அது பெரும்பாலும் தழும்புத் திசு. வழவழப்பானது, துணுக்காகப் பிய்வது குறைவு.

ஆபரேஷன் நாள் வருவதற்குள்ளாகவே மறுபடி வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, கண் இருட்டினாலோ, சரியாகிவிடும் என்று அரை மணி நேரம் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேனும் நரம்பியல் பிரிவும் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்க வேண்டாம், புரையேறும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு சீட்டில் குறித்துக் கையோடு எடுத்துப்போங்கள். அங்கே முதலில் கேட்கப்போவது அதைத்தான்.