முன்பணத்துக்கு முன்னால் பத்து விநாடிப் படம்

அம்மா, போன வாரம் மகனோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தபோது, "ப்ளஸ் டூ படிக்கிற பையன் இன்னும் பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே" என்று கண்கலங்கினீர்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று அன்று சொன்னேன். இப்போது சொல்லப்போவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காமல் போகலாம். அவர் பேசி வைத்திருக்கும் மேனேஜ்மென்ட் கோட்டா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வேண்டாம். நகையை அடகு வைத்து அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். நாலு வருடம் வகுப்பில் உட்காரப்போவது மாமா இல்லை, பையன்.

அவன் போனில் காட்டிய படத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பொம்மை மேசையில் நாலு அடி நடந்து திரும்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு அசைவுக்கும் பொம்மையை நூலிழை அளவு நகர்த்தி, ஒரு போட்டோ எடுத்து, மறுபடி நகர்த்தியிருக்கிறான். அந்த போட்டோக்களை வரிசையாக ஓட்டினால் பொம்மை நடப்பதுபோலத் தெரியும். அனிமேஷனில் ஒரு வகையான இதன் பெயர் ஸ்டாப் மோஷன். தொடக்கநிலையில் ஒரு விநாடிக்கு 12 படம் போதும். பத்து விநாடிக்கு 120 படம். இந்தப் பொறுமையை எந்தக் கல்லூரியும் காசு வாங்கிக்கொண்டு ஊட்ட முடியாது.

அவனுக்கு இப்போது வேண்டியது ஆடாத ஒரு மேசையும் போனைப் பிடித்து நிற்க ஒரு ஸ்டாண்டும். ஜன்னலை மூடிவிட்டு ஸ்டடி லாம்ப் வெளிச்சத்தில் எடுக்கட்டும். மேகம் ஒன்று கடந்தாலே வெளிச்சம் மாறி, படம் மினுக்கும். போன் கேமராவில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யச் சொல்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், அதன் வெளிச்சம் பொம்மை மேல் அடிக்கும். மின்விசிறியையும் நிறுத்தியாக வேண்டும், வேர்த்தாலும் பரவாயில்லை. பொம்மை சாய்ந்தால் காலடியில் துளி கலர் களிமண் ஒட்டினால் நிற்கும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ என்ற செயலியின் இலவசப் பதிப்பே போதும். அதில் முந்தைய படம் நிழல்போலத் தெரியும், எவ்வளவு நகர்த்தினோம் என்று அதைப் பார்த்து அளந்துகொள்ளலாம். அவன் படத்தில் நான் கண்ட ஒரே குறை, நடை முழுக்க ஒரே வேகம். பஸ் கிளம்புவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் மெல்ல நகரும், அப்புறம் வேகம் பிடிக்கும், நிறுத்தம் வரும்போது மறுபடி தளரும். பொம்மையையும் அப்படித்தான் நகர்த்த வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்டாப் மோஷன் பட இயக்குநர் நிக் பார்க் 13 வயதில் அம்மாவின் கேமராவில்தான் இந்த வேலையைத் தொடங்கினார். பின்னாளில் ஆஸ்கர் வாங்கினார். உங்கள் மகனும் வாங்குவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் வீட்டு மேசையில் தொடங்குவது தொழிலுக்கு வரும் வழிகளில் ஒன்றுதான்.

படிப்புக்கு வருவோம். சென்னை தரமணியில் தமிழக அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே ப்ளஸ் டூவுக்குப் பிறகு அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸில் நாலு வருடப் பட்டப்படிப்பு உண்டு. நம்மிடம் வரும் குடும்பங்களில் பெரும்பாலோர் இதை விசாரிப்பதே இல்லை. அகமதாபாத்தில் உள்ள என்.ஐ.டி. என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனமும் நல்ல இடம். எந்த குரூப் எடுத்தவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம், கையால் பொருள் செய்துகாட்டும் சோதனையும் வரும். ஆனால் அங்கே கட்டணம் அதிகம், உங்கள் வருமானத்துக்கு நான் முதலில் சொல்வது தரமணியைத்தான். தெருமுனை அனிமேஷன் சென்டர்களில் லட்சக்கணக்கில் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வுக்குப் படிக்கிற நேரம் போக, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படமெடுக்கட்டும். பத்து விநாடிப் படம் முடிந்ததும் அழைத்து வாருங்கள். சரியாக வரவில்லை என்று அவன் ஒதுக்கிய படங்களை அழிக்க வேண்டாம், அவற்றையும் நான் பார்க்க வேண்டும். முடிந்தால் மாமாவும் கூட வரட்டும்.