திருப்பதி லாட்ஜில் இரவு ரிசப்ஷன்: திருத்தணித் தம்பிக்கு

திருத்தணித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 30 ரூம் லாட்ஜில் இரவு ரிசப்ஷன் வேலை கிடைத்திருக்கிறது. இரவு 8 முதல் காலை 8 வரை. எனக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது. ராத்திரியில் வேலை இருக்காது, உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கலாம் என்கிறார்கள். நம்பி வரலாமா?"

தம்பி, வேலைக்கு வாருங்கள். படிக்கலாம் என்று நம்பி மட்டும் வராதீர்கள். மற்ற ஊர்களில் 12 மணிக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கண் அசரலாம். திருப்பதியில் பாதி வேலை அந்த நேரத்தில்தான் ஆரம்பிக்கும். இங்கே வருகிறவர்களுக்கு ரூம் என்பது பையை வைத்து, குளித்து, மலைக்குக் கிளம்பும் இடம். விஷ்ணு நிவாசம், ஸ்ரீனிவாசம், மலையடிவாரத்து அலிபிரி பூதேவி காம்ப்ளெக்ஸ் மூன்றிலும் இலவச தரிசன டோக்கனுக்கு விடிவதற்கு வெகு முன்பே வரிசை கட்டிவிடுவார்கள். அதனால் லாட்ஜ் மொத்தமும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் குளிக்கும். இரவு ரிசப்ஷனில் மற்றதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் தண்ணீர். 30 ரூமும் நிறைந்து, ரூமுக்கு நான்கு பேர் என்றால் 120 பேர். ஆளுக்கு இரண்டு பக்கெட், அதாவது 30, 35 லிட்டர் என்று வைத்தாலே 4,000 லிட்டர் வேண்டும். அத்தனையும் 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் தீர்ந்துவிடும். மாடித் தொட்டி 5,000 லிட்டர்தானே என்று இருந்துவிடாதீர்கள். இரவு 9 மணி வண்டியில் வந்தவர்கள் குளித்தே பாதி போயிருக்கும். 12.30 வாக்கில் மாடிக்குப் போய்த் தொட்டியைக் கண்ணால் பாருங்கள். மோட்டார் போடுமுன் சம்ப்பு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் முதலில் சீல் போகும், கவனிக்காமல் விட்டால் காயிலும் கருகும். அந்த நேரத்தில் மெக்கானிக் வரமாட்டார், டேங்கர் லாரியும் உடனே வராது. 120 பேரும் உங்கள் டேபிள் முன்னால் நிற்பார்கள்.

அடுத்தது வெந்நீர். ரூமில் இருப்பது 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் என்றால், சூடேற 15 முதல் 20 நிமிடம் ஆகும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பக்கெட் தேறும். அது ஒருவருக்குத்தான். அடுத்தவருக்கு மறுபடி 20 நிமிடம். நான்கு பேர் குளித்துக் கிளம்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். "எத்தனை மணிக்கு எழுப்ப?" என்று கேட்டால் 3 மணிக்குக் கிளம்ப வேண்டியவரும் "இரண்டரை" என்பார். "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேளுங்கள். அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் பின்னால் போய் எழுப்பும் நேரத்தை நீங்களே குறியுங்கள். இன்டர்காமை மட்டும் நம்ப வேண்டாம். ரிசீவரைச் சரியாக வைக்காமல் தூங்கியிருப்பார்கள். நேரில் போய்க் கதவைத் தட்டி, உள்ளிருந்து பதில் வந்த பிறகு ரிஜிஸ்டரில் டிக் அடியுங்கள்.

ராத்திரி கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லைட்டும் ஃபேனும் ஓடும். கீசர் ஓடாது. 20 கீசர் என்றாலே 40 கிலோவாட், சின்ன லாட்ஜ் ஜெனரேட்டர் அதைத் தாங்காது. சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் சண்டை வராது.

ஐடி விஷயத்தில் ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரிஜினல் ஆதாரை டேபிள் டிராயரில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில லாட்ஜுகளில் உண்டு. நீங்கள் செய்யவே கூடாது. டோக்கன் கவுண்டரில் ஒவ்வொருவருக்கும் ஆதார் கேட்பார்கள். நீங்கள் டிராயரைப் பூட்டிவிட்டு மாடியில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு குடும்பம் வரிசையைத் தவறவிட்டு ஒரு நாளையே இழக்கும். காப்பி எடுங்கள், காப்பியின் மேல் தேதியும் லாட்ஜ் பெயரும் எழுதுங்கள், ஒரிஜினலை அங்கேயே கையில் திருப்பிக் கொடுங்கள். வயது வந்த எல்லோருடைய ஐடியும் வேண்டும். பான் கார்டில் முகவரி இல்லை, அதை வாங்காதீர்கள். போலீஸ் சோதனைக்கு வந்தால் முதலில் பார்ப்பது ரிஜிஸ்டரைத்தான். வந்த நேரம், ஆள் எண்ணிக்கை, போன் நம்பர் எதையும் காலியாக விடாதீர்கள்.

தமிழர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் நிறையப் பேர் வருவார்கள். நம் மொழியில் அன்பாகப் பேசுவார்கள், நாமும் நம்ம ஊர்க்காரர் என்று சாவியைக் கொடுத்துவிடுவோம். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான் கணக்கு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரத்தை ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். எல்லோரும் அதை "சி பாரம்" என்பார்கள். விடியற்காலையில் அவர்கள் மலைக்குப் போய்விடுவார்கள், அதனால் பாஸ்போர்ட், விசா பக்கங்களை வந்தவுடனே படம் எடுத்து வையுங்கள்.

ஆன்லைன் புக்கிங்கில் தேதிக் குழப்பம் தினமும் வரும். 14ஆம் தேதி ரயிலேறி நள்ளிரவு 12.20க்கு இறங்குகிறவர் 14ஆம் தேதிக்குப் போட்டிருப்பார். 12 மணி அடித்ததும் "வரவில்லை" என்று குறித்து ரூமை வேறு ஒருவருக்குக் கொடுத்தால், இருபது நிமிடத்தில் குழந்தையோடு வந்து நிற்பார். குறிப்பதற்கு முன் போன் போடுங்கள். எதிர்மாறாகவும் நடக்கும்: 15ஆம் தேதி நள்ளிரவு 1 மணிக்கு வருகிறவர் 15க்குப் போட்டிருப்பார், ஆன்லைனில் அந்த ரூம் மதியம் 12க்குத்தான் தொடங்கும். உங்கள் லாட்ஜில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கா, மதியத்துக்கு மதியம் கணக்கா என்று முதல் நாளே முதலாளியிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கை 12.30க்கும் 1.30க்கும் நடுவில் முடித்துவிடுங்கள். அப்புறம் நேரம் கிடைக்காது. பணத்தை நோட்டு வாரியாக எண்ணி எழுதுங்கள். யூபிஐயில் பணம் போட்டவர் காட்டும் ஸ்கிரீனைப் பார்க்காதீர்கள், லாட்ஜ் போனில் பணம் விழுந்ததா என்று பார்த்து, அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க நம்பரைப் பில்லில் எழுதுங்கள். கணக்கு உதைப்பது பெரும்பாலும் திருப்பிக் கொடுத்த அட்வான்ஸை எழுதாததாலும், எக்ஸ்ட்ரா பெட் காசை வாங்கி மறந்ததாலும்தான். 7,500 ரூபாய் வரையுள்ள ரூமுக்கு இப்போது ஜிஎஸ்டி 5 சதவீதம்: 1,000 ரூபாய் ரூமுக்கு 25 மத்திய வரி, 25 மாநில வரி. தமிழ்நாட்டுக் கம்பெனிக்காரர் "வெளிமாநிலம், ஐஜிஎஸ்டி போடுங்கள்" என்பார். போட முடியாது. லாட்ஜ் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் வரி.

தெலுங்குக்குப் பயப்பட வேண்டாம். 1960 வரை திருத்தணியும் ஆந்திராவில்தான் இருந்தது. நகரி, புத்தூர் பக்கம் இன்றும் இரண்டு மொழியும் கலந்தே ஓடும். "எந்தமந்தி?" எத்தனை பேர். "ஆதார் இவ்வண்டி" ஆதார் கொடுங்கள். "ரூம் காளி லேதண்டி" ரூம் காலி இல்லை. "வேடி நீள்ளு" வெந்நீர். கடைசியில் 'அண்டி' சேர்ப்பதை மறக்காதீர்கள், அதுதான் மரியாதை. யாரையும் "நுவ்வு" (நீ) என்று சொல்லிவிடாதீர்கள், "மீரு" (நீங்கள்) என்றே பேசுங்கள். எனிமிதி எட்டு, தொம்மிதி ஒன்பது. தமிழ்க் காதுக்கு இவை குழம்பும். 108ஐ எழுப்புவதற்குப் பதில் 109ஐத் தட்டிவிடுவீர்கள். ரூம் நம்பரைத் தாளில் எழுதிக் காட்டித் தலையாட்ட வையுங்கள்.

அலிபிரியில் 3,550 படி ஏறி இறங்கிய பெரியவர்களுக்கு ராத்திரியில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வரும். வாயுவாக இருக்கும் என்று சோடா கொடுத்து நேரம் கடத்தாதீர்கள். உடனே 108 ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்கள். ருயா, ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரிகள் இரண்டும் அலிபிரி ரோட்டுப் பக்கம்தான்.

சேரும் முன் முதலாளியிடம் கேட்க வேண்டியவை: வார லீவு எந்த நாள், கல்லாவில் குறைந்தால் யார் தலையில், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிறார்கள் என்றால் இஎஸ்ஐ உண்டா. சம்பளம் 21,000 வரை என்றால் அது உங்கள் உரிமை, பிடித்தம் 0.75 சதவீதம்தான். புரட்டாசி சனிக்கிழமைகளிலும் வைகுண்ட ஏகாதசிக்கும் லீவு கிடைக்காது. அதை இப்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். காலை ஷிப்ட்காரர் தாமதமாக வந்தால் 8 மணிக்கு மேல் நிற்கும் நேரத்துக்குக் காசு உண்டா என்பதையும் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.