ஸ்னோபோர்டு ஓரளவு வரும். ஸ்பிளிட்போர்டு டூரிங்கை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

வான்கூவர் பக்கம் மூன்று குளிர்காலமாக ரிசார்ட்டில் ஸ்னோபோர்டு ஓட்டுகிறீர்கள். இனி லிஃப்ட் இல்லாத மலைகளுக்குப் போக ஆசை, எந்தப் பலகை வாங்கலாம், எப்படிக் கற்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பர்னபியில் இருக்கிறேன், இது எனக்கு ஐந்தாவது சீசன். பலகையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் கடைசியாக வாங்க வேண்டியது அதுதான். முதலில் எனக்குச் சொல்லத் தோன்றுவது இது: முதல் சீசன் முழுக்க 30 டிகிரிக்குக் குறைவான சரிவுகளிலேயே இருங்கள். கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரம்பை வைத்துக்கொண்டதால்தான் மற்றதை எல்லாம் பதற்றமில்லாமல் கற்க முடிந்தது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நீளவாக்கில் இரண்டாகப் பிரியும் ஸ்னோபோர்டுதான் ஸ்பிளிட்போர்டு. பிரித்தால் இரண்டு அகலமான ஸ்கீ கிடைக்கும். அடியில் 'ஸ்கின்' என்ற நீளப் பட்டையை ஒட்டி, குதிகால் தூக்க வசதியாக, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கை மாட்டிக்கொண்டு மலை ஏறலாம். உச்சியில் ஸ்கின்னை உரித்துவிட்டு, இரண்டு பாதியையும் சேர்த்துப் பூட்டி, சாதாரண ஸ்னோபோர்டாக இறங்கலாம். ஸ்கின்னின் ஒரு பக்கம் பசை, மறுபக்கம் குட்டை ரோமம். பூனையின் முதுகைத் தடவுவது போலத்தான்: முன்னால் தள்ளினால் வழுக்கும், பின்னால் இழுத்தால் பிடிக்கும். அந்தக் காலத்தில் நிஜமாகவே சீல் தோலைக் கட்டி நடந்தார்கள், பெயர் அதிலிருந்து வந்தது. இப்போது நைலான், அல்லது மொஹேர் என்கிற அங்கோரா ஆட்டு ரோமம். 1990களில் யூட்டாவைச் சேர்ந்த வோய்லே நிறுவனம், பழைய பலகையை வீட்டிலேயே நடுவில் அறுத்து ஸ்பிளிட்போர்டாக்க ஒரு கிட் விற்றது. இன்றைய வடிவம் பெரும்பாலும் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நான் முதலில் போன இடம் ரெட் ஹெதர். ஸ்குவாமிஷ் அருகே கரிபால்டி மாகாணப் பூங்காவில், எல்ஃபின் ஏரிகளுக்குப் போகும் வழியில் இருக்கிறது. டயமண்ட் ஹெட் வாகன நிறுத்தத்திலிருந்து 5 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 450 மீட்டர். பழைய வண்டிப்பாதை என்பதால் வழி அகலம். மேலே விறகடுப்பு உள்ள ஒரு சிறு குடில் உண்டு, பகலில் ஒதுங்க மட்டும். அதைச் சுற்றி மரங்கள் விலகி நிற்கும் மென்மையான சரிவுகள். வாகன நிறுத்தத்துக்குப் போகும் கடைசிச் சாலை செங்குத்தானது, டயர் சங்கிலி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அன்றைய நாளை எண்ணிக்கையில் சொன்னால் உங்களுக்குப் புரியும். சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டரின் பெயரில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, ஏறும் உயரத்தை நூறு மீட்டருக்கு ஒன்று என்று அதோடு கூட்டி, நான்கால் வகுத்தால் ஏறுவதற்கான மணி நேரம் வரும். ரெட் ஹெதருக்கு 5 + 4.5 = 9.5, வகுத்தால் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு குடிலைச் சுற்றி இரண்டு சிறு இறக்கங்கள். பலகை மேல் நின்று உண்மையாகச் சறுக்கிய நேரம் அரை மணிகூட வராது. நீங்கள் மூன்று ஆண்டுகளாகப் பழகியது அந்த அரை மணிக்குத்தான் உதவும். மீதி எல்லாமே புதிது, அதைக் கற்கச் செங்குத்தான சரிவு தேவையில்லை.

நடையிலிருந்து தொடங்குகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வோர் அடிக்கும் பலகையைத் தூக்குகிறார்கள். ஒரு மணி நேரத்தில் இடுப்பும் தொடையும் விட்டுப்போகும். செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்காதே என்று வீட்டில் அதட்டுவார்களே, இங்கே அந்தத் தேய்ப்பு நடைதான் சரியான நடை. பலகை பனியை விட்டு எழும்பாமல் முன்னால் வழுக்க வேண்டும், எடை குதிகால் பக்கம் இருக்க வேண்டும். ஏற்றத்தில் பயந்து முன்னால் குனிந்தால் ஸ்கின்னின் பிடி போய்விடும், நிமிர்ந்து நில்லுங்கள். ஏற்றம் கூடினால் பைண்டிங்குக்குப் பின்னால் இருக்கும் கம்பியை நிமிர்த்தி அதன் மேல் குதிகாலை ஊன்றலாம். ஆனால் எப்போதும் அதை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு நேராக ஏறுவது நல்ல பழக்கம் இல்லை, வளைந்து வளைந்து போகும் சாய்வான தடமே கடைசியில் வேகமானது. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். கிளம்பும்போது லேசாகக் குளிரும்படி உடுத்துங்கள். ஏறும்போது வியர்த்து நனைந்த பனியன் உச்சியில் நின்றதும் ஐஸாகிவிடும், பருத்தி என்றால் கேட்கவே வேண்டாம். மெரினோ கம்பளி உள்ளாடை நல்லது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டியான பனியில் சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது ஸ்பிளிட்போர்டு ஸ்கீயைவிட மோசமானது. பாதிப் பலகை அகலமாக இருக்கும், நம் பூட்ஸும் மெத்தென்று இருக்கும், ஓரம் பனியைக் கடிக்காது. அதற்கென்று பைண்டிங்கோடு சேரும் கிராம்பான் பற்கள் உண்டு, மார்ச் மாதத்தில் அவை பையில் இல்லாமல் நான் போவதில்லை. நடுவில் சின்னச் சின்ன இறக்கம் வரும் பாதைகளும் நமக்குச் சிரமம், குதிகால் பூட்டாத இரண்டு பாதிகளில் இறங்குவது தனி வித்தை. ஆகவே ஏற்றம் முழுக்க ஏற்றமாக, இறக்கம் முழுக்க இறக்கமாக இருக்கும் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது டிரான்சிஷன், அதாவது ஏறும் நிலையிலிருந்து இறங்கும் நிலைக்கு மாற்றுவது. இதை வீட்டுக் கூடத்திலேயே பழகலாம், பழகித்தான் ஆக வேண்டும். நான் முதலில் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது 22 நிமிடம் எடுத்தது. கையுறை போட்டுக்கொண்டு, தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை என்று இரண்டு வாரம் செய்ததில் எட்டு நிமிடத்துக்கு வந்தது. மலையில் என் வரிசை இது: முதலில் ஜாக்கெட்டைப் போடு, அப்புறம் மற்றதெல்லாம். கழற்றிய பாதியை உடனே பனியில் குத்தி நிறுத்து, படுக்கவைத்தால் அது நம்மை விட்டுவிட்டுத் தனியாக இறங்கிவிடும். ஸ்கின்னைப் பசைக்குப் பசையாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வை. பைண்டிங் ஏறி உட்காரும் பக் என்ற பிளாஸ்டிக் வில்லைகளில் ஐஸ் பிடித்திருக்கும், அதைச் சுரண்டிய பிறகே பூட்டு. மூன்றாவது பயணத்தில் காற்று பலமாக அடித்தது. நான் அவசரப்பட்டு உரித்ததில் ஒரு ஸ்கின் பசைப் பக்கமாகப் பனியில் விழுந்தது. மறுபடி ஏற ஒட்டியபோது ஒட்டவில்லை. பையில் இருந்த இரண்டு ரப்பர் ஸ்ட்ராப்பால் பலகையோடு சேர்த்துக் கட்டி, பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினேன். விரல் மரத்துப்போய் வலி எடுத்தது. மென்மையான சரிவாக இருந்ததால் அது வெறும் கஷ்டத்தோடு முடிந்தது. செங்குத்தான இடத்தில், இருட்டும் நேரத்தில் அதே தவறு நடந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் எனக்கு வரும்.

இப்போது பனிச்சரிவுக்கு, அதாவது மலையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து வரும் அவலாஞ்சுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ரிசார்ட்டில் பனிச்சரிவைப் பற்றி வேறு யாரோ காலையிலேயே யோசித்துவிடுகிறார்கள். வெளியே அது நம் வேலை. இங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் பாளமாக உடையும் பனி. கெட்டியான மேல் அடுக்கு ஒன்று, கீழே வலுவில்லாத அடுக்கு ஒன்று. தெளிவான குளிர்ந்த இரவுகளில் பனியின் மேல் இறகு போலப் படிகங்கள் பூக்கும், பார்க்க அவ்வளவு அழகு. அதன் மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால், அடுக்கிய அப்பளத்தின் மேல் பலகைக்கல்லை வைத்த கதைதான். நாம் போய் நின்றதும் கீழே நொறுங்கி, மேல் பாளம் மொத்தமாக வழுக்கும். பெரும்பாலும் சிக்கியவரோ அவருடைய கூட்டாளியோதான் அதைக் கிளப்பிவிட்டிருப்பார். பாளம் வழுக்கக் குறிப்பிட்ட சாய்வு வேண்டும், பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரிக்குள் நடக்கின்றன. என் முதல் வரம்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆனால் நீங்கள் நிற்கும் இடம் 25 டிகிரி என்றால் மட்டும் போதாது. தலைக்கு மேலே 38 டிகிரிச் சரிவு இருந்தால், அது உடைந்து உங்கள் மேல்தான் வந்து விழும். வரைபடத்தில் சாய்வு நிறம் காட்டும் கால்டோப்போ போன்ற செயலிகளில் முந்தின இரவே பாதையைப் பாருங்கள், மேலே என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து. சின்னச் செங்குத்து மேடுகளை அந்த நிறம் காட்டாமல் விட்டுவிடும், எனவே மலையில் சாய்மானியை வைத்தும் அளந்து பாருங்கள். இன்னொரு பக்கம், புதுப்பனி ஆழமாக இருந்தால் 20 டிகிரியில் பலகை நின்றே விடும். 25 முதல் 28 வரை என்பது தொடக்கக்காரருக்கு இனிய அளவு.

கனடாவில் இதற்கு ஏஎஸ்டி 1 (அவலாஞ்ச் ஸ்கில்ஸ் டிரெய்னிங், முதல் நிலை) என்ற இரண்டு நாள் பயிற்சி இருக்கிறது. பலகைக்கு முன்னால் இதற்குப் பணம் கட்டுங்கள். அவலாஞ்ச் கனடா அமைப்பு குளிர்காலம் முழுக்கத் தினமும் பகுதிவாரியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஆபத்தை ஐந்து நிலைகளில் சொல்வார்கள். நடுவில் இருக்கும் மூன்றாம் நிலையைப் பார்த்துவிட்டு, 'நடுத்தரம்தானே' என்று எண்ணிவிடாதீர்கள், அந்த நிலையிலேயே பனிச்சரிவை நாமே கிளப்பும் வாய்ப்பு கணிசமானது.

பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடலில் கட்டிக்கொள்ளும் சிக்னல் கருவி), புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வாரி) மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பீக்கன் 457 கிலோஹெர்ட்ஸில் துடிப்பு அனுப்பும், தேடும்போது அதையே வாங்கும். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடத்தில்தான் அதிகம், பிறகு வேகமாகச் சரிகிறது. மீட்புக் குழு எவ்வளவு விரைந்தாலும் அதற்குள் வர முடியாது. தோண்டி எடுக்கப்போவது உங்கள் நண்பர்தான். அதனால் உங்களைவிட உங்கள் நண்பருக்கு பீக்கன் நன்றாகத் தெரிந்திருப்பது உங்களுக்கு முக்கியம். நாங்கள் மாதத்துக்கு ஒருமுறை பூங்காவில் ஒரு பீக்கனைப் பையில் போட்டுப் புதைத்துத் தேடிப் பழகுகிறோம். அப்புறம், தேடும்போது கைபேசியை பீக்கனிலிருந்து 50 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், மற்ற நேரத்தில் 20. கைபேசி சிக்னலைக் குழப்பும்.

நம் கரையோர மலைகளில் மரக்குழி இன்னொரு ஆபத்து. பெரிய ஊசியிலை மரங்களின் அடியில் கிளைக்குக் கீழே பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வருவது மிகக் கடினம். மரங்களுக்கிடையே கூட்டாளியைக் கண்ணைவிட்டு மறைய விடாதீர்கள்.

கிரெய்க் கெல்லியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்கு முறை உலக சாம்பியன், இந்த விளையாட்டே கொண்டாடிய ஓட்டக்காரர். போட்டிகளை விட்டுவிட்டு மலை வழிகாட்டியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். 2003 ஜனவரி 20 அன்று, நம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் அருகே, ஒரு பனிச்சரிவு ஏழு பேரைக் கொன்றது. அவர்களில் அவரும் ஒருவர், வயது 36. பன்னிரண்டு நாள் கழித்து ரோஜர்ஸ் கணவாய்ப் பகுதியில் இன்னொரு பனிச்சரிவில் ஏழு பள்ளி மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் குளிர்காலத்தின் துயரத்துக்குப் பிறகுதான், 2004இல், இன்றைய அவலாஞ்ச் கனடாவின் முன்னோடி அமைப்பு உருவானது. நீங்கள் காலையில் காபியோடு படிக்கப்போகும் அந்த அறிக்கைக்குப் பின்னால் அவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பலகை ஓட்டும் திறமை பனியின் அடுக்கை மாற்றாது என்பதை எனக்கு எந்த வகுப்பையும்விட அழுத்தமாகச் சொன்னது கெல்லியின் மரணம்தான்.

கூட்டாளிகள் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நன்றாக ஓட்டுகிறவரைத் தேடாதீர்கள். 'இன்று வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று நீங்கள் சொன்னால் முகம் சுளிக்காதவரைத் தேடுங்கள். மூன்று பேர் நல்ல எண்ணிக்கை. திரும்பும் நேரத்தைக் காரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், எங்களுக்கு அது பகல் 1 மணி.

சரி, பொருட்கள். பலகை, பைண்டிங், ஸ்கின், மடக்குக் கோல், பாதுகாப்புச் சாமான் எல்லாம் புதிதாக வாங்கினால் இரண்டாயிரம் டாலரை எளிதாகத் தாண்டும். முதல் இரண்டு மூன்று பயணத்துக்கு வாடகைக்கு எடுங்கள். உங்கள் இப்போதைய பூட்ஸ் போதும். பீக்கனை மட்டும் புதிதாக வாங்குங்கள், மூன்று ஆன்டெனா உள்ளதாக. பழைய பலகையை நம்பி வாங்கலாம், பழைய பீக்கனை நான் நம்ப மாட்டேன். பலகை வாங்கும்போது, ரிசார்ட்டில் ஓட்டும் அதே நீளமும் ஏறத்தாழ அதே இறுக்கமும் போதும். ஸ்கின்னை அந்தப் பலகைக்கென்றே வெட்டுங்கள், இரும்பு ஓரம் இருபுறமும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே தெரிய வேண்டும்.

ஏஎஸ்டி 1 வகுப்புகள் டிசம்பர், ஜனவரி வார இறுதிகளில் வேகமாக நிறைந்துவிடும். இடம் பிடிக்க அக்டோபரிலேயே பதிவு செய்யுங்கள், உங்களோடு மலைக்கு வரப்போகிறவரையும் அதே வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.