சூரியக் காற்று உள்ளே நுழைவது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: பூமியின் காந்தப்புலம் நமக்குக் கவசம் என்கிறார்கள். பிறகு சூரியக் காற்று எப்படி சார் உள்ளே வருகிறது?

பதில்: சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், அதாவது பிளாஸ்மா. அதில் பெரும்பகுதி உள்ளே வருவதே இல்லை. நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும் புரோட்டான், 50 நானோடெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) புலத்தில் சுமார் 80 கி.மீ. ஆரத்துக்குள் வளைந்து திரும்பிவிடும். மோதித் துளைக்க முடியாது. காந்தக் கோடுகளே அறுந்து மாறி இணைந்தால்தான் வழி. இதற்கு மறு இணைப்பு என்று பெயர்.

கேள்வி: அது எப்போது நடக்கும்?

பதில்: சூரியக் காற்று தன்னோடு ஒரு புலத்தையும் இழுத்து வருகிறது, சாதாரண நாளில் 5 நானோடெஸ்லா. பகல் பக்க எல்லையில், அதாவது ஏறத்தாழ 10 புவி ஆரத் தொலைவில், நம் புலம் வடக்கு நோக்கி நிற்கிறது. வரும் புலம் தெற்கு நோக்கினால் இரண்டும் எதிரெதிர். நடுவில் தாள்போல் பரந்து ஓடும் மின்னோட்டம் மெலிந்து, எலக்ட்ரான்கள்கூடக் கோட்டைவிட்டு நழுவும் இடத்தில் மறு இணைப்பு நிகழ்கிறது. இணைந்த கோட்டுக்கு ஒரு முனை துருவத்தில், மறுமுனை விண்வெளியில். அதைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்மா இறங்குகிறது. 1961இல் ஜேம்ஸ் டங்கி சொன்ன கருத்து இது. மறு இணைப்பை ஆராயும் நாசாவின் எம்.எம்.எஸ். திட்டத்தின் நான்கு விண்கலங்கள் 2015 அக்டோபர் 16 அன்று அந்த இடத்துக்குள்ளேயே புகுந்து அளந்தன.

திறந்த கோடுகள் இரவுப் பக்க வாலுக்கு இழுபட்டு அங்கே மறுபடி இணைகின்றன. துருவ ஒளியில் பெரும்பங்கு அந்த வாலிலிருந்து பாயும் எலக்ட்ரான்களால்தான். சூரியனிலிருந்து நேரே விழுபவற்றால் அல்ல. இதைப் பலர் தவறாகவே எழுதுகிறார்கள்.

கேள்வி: சூரியக் காற்றின் வேகம் நொடிக்கு 700 கி.மீ. காட்டியும் காந்தப் புயல் வரவில்லையே?

பதில்: வேகத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். பி-இசட், அதாவது வரும் புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு, எதிர்க்குறியில் (தெற்கு நோக்கி) இருந்ததா? 400 கி.மீ. வேகமும் தெற்கே 10 நானோடெஸ்லாவும் சேர்ந்தால் மீட்டருக்கு 4 மில்லிவோல்ட் மின்புலம். மூன்று மணி நேரம் விடாமல் நீடித்தால் கடும் புயலை எதிர்பார்க்கலாம். ஐந்து நிமிடம் சரிந்து மீண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. தரவு ஜி.எஸ்.எம். அச்சில் (பூமியின் காந்த அச்சைச் சார்ந்தது) உள்ளதா என்றும் பாருங்கள், ஜி.எஸ்.ஈ. அச்சில் (பூமியின் சுற்றுப்பாதைத் தளத்தைச் சார்ந்தது) குறியே மாறித் தெரியக்கூடும். இவற்றை அளக்கும் கலங்கள் நிற்கும் எல்1 புள்ளி பூமியிலிருந்து சூரியன் பக்கம் 15 லட்சம் கி.மீ. தள்ளி இருப்பதால், 400 கி.மீ. வேகத்தில் சுமார் ஒரு மணி நேர அவகாசம். 800 என்றால் அரை மணிதான்.

கேள்வி: வடக்கு நோக்கினால் முழுக்க அடைபடுமா?

பதில்: இல்லை. துருவங்களுக்கு மேலே புலம் புனல்போல் குழிந்திருக்கும் இடங்களுக்குப் பின்புறம் மறு இணைப்பு நடக்கும். பக்கவாட்டு எல்லைகளில் கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுழல்கள் (வெவ்வேறு வேகத்தில் உரசும் ஓட்டங்களுக்கு இடையே உருவாகும் சுழல்கள்) எழுந்து பிளாஸ்மாவைக் கலக்கும். 2001இல் கிளஸ்டர் விண்கலங்கள் அச்சுழல்களை அளந்தன. இப்படி நுழைவது குளிர்ந்தது, அடர்த்தி மிக்கது.

கேள்வி: எல்1 புள்ளியில் உள்ள இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் பி-இசட்டை அளக்கிறதா?

பதில்: ஆம். 6 மீட்டர் நீளக் கையின் நுனியில் ஒரு காந்தமானி, பாதியில் இன்னொன்று. கலத்தின் சொந்தக் காந்தம் தொலைவில் குறையும். இரண்டின் வேறுபாட்டைக்கொண்டு அதைக் கழித்துவிடலாம்.