கேத்லேப்பில் (இதயத் தமனிச் சிகிச்சை அறையில்) ஹெப்பாரின் எப்போது, எவ்வளவு? கேள்வி பதில்

கே: மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ மட்டும்தான், ஸ்டென்ட் கிடையாது. ஹெப்பாரின் வேண்டுமா சார்?

வேண்டும். ரத்தம் உறையாமல் தடுப்பது அதுதான், இல்லாவிட்டால் மணிக்கட்டின் ரேடியல் தமனி அடைத்துக்கொள்ளும். ஷீத் (தமனிக்குள் வைக்கும் குழாய்) போட்டதும் கிலோவுக்கு 50 யூனிட், அல்லது மொத்தமாக 5,000.

கே: ஸ்டென்ட் என்றால்?

வயர் கொரோனரிக்குள் (இதயத் தமனிக்குள்) போகும் முன்பே கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். டைரோஃபிபான் போன்ற தட்டணுத் தடுப்பு ஊசிகள் சேர்ந்தால் 50–70. ஐந்து நிமிடம் விட்டு ஏசிடி (ரத்தம் உறைய ஆகும் நேரம்) பாருங்கள். அந்த ஊசிகள் சேராதபோது ஹீமோடெக் கருவியில் 250–300 விநாடி, ஹீமோக்ரான் கருவியில் 300–350. ஷீத்திலிருந்து எடுத்தால் முதலில் வரும் ரத்தத்தைக் கொட்டிவிடுங்கள். ஃப்ளஷ்ஷில் உள்ள ஹெப்பாரின் கலந்தால் எண் பொய்யாக ஏறும். போதும் என்று நினைத்திருப்பீர்கள், வயரில் ரத்தக்கட்டி பிடித்திருக்கும்.

கே: வார்டில் எனாக்சபரின் (ஹெப்பாரின் வகை ஊசி) போட்டாயிற்று. மேலே ஹெப்பாரின்?

போடாதீர்கள். மாற்றி மாற்றிப் போட்டால் ரத்தக்கசிவுதான் மிஞ்சும். குறைந்தது இரண்டு டோஸ் ஆகி, கடைசி ஊசி 8 மணி நேரத்துக்குள் என்றால் எதுவும் வேண்டாம். 8–12 மணி என்றால், அல்லது ஒரே டோஸ்தான் ஆகியிருந்தால், எனாக்சபரினே கிலோவுக்கு 0.3 மி.கி., சிரை வழி. ஏசிடியை நம்பி அளவைக் கூட்டாதீர்கள். அது எனாக்சபரினைச் சரியாகக் காட்டாது.

கே: ஃபோண்டாபரினக்ஸ் (இன்னொரு உறைவுத் தடுப்பு ஊசி) போட்டிருந்தால்?

அங்கே ஹெப்பாரின் கட்டாயம், கிலோவுக்கு 85. விட்டால் கதீட்டரிலேயே உறையும்.

கே: பிவாலிருடின் (வேறொரு உறைவுத் தடுப்பு மருந்து) இருக்க இன்னும் ஹெப்பாரினா? பிரைட்-4 ஆய்வைப் பார்க்கவில்லையா?

பார்த்தேன். நீங்கள் 2014-இன் ஹீட்-பிபிசிஐ ஆய்வையும் பாருங்கள்: பிவாலிருடின் பக்கம்தான் ஸ்டென்ட் அடைப்பு அதிகம்.

கே: அதில் சிகிச்சை முடிந்ததும் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்களே!

அதையேதான் சொல்ல வருகிறேன். பிவாலிருடினின் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகும் நேரம்) 25 நிமிடம்தான். மாரடைப்பில் விழுங்கிய டிகாக்ரெலர் (தட்டணுத் தடுப்பு மாத்திரை) வேலையைத் தொடங்கும் முன்பே இது போய்விடும், நடுவில் காவல் இல்லை. 2022-இன் பிரைட்-4 அந்த ஓட்டையை அடைத்தது: முழு அளவிலேயே, கிலோவுக்கு மணிக்கு 1.75 மி.கி., முடிந்த பிறகும் 2–4 மணி நேரம். அங்கே மரணமும் ரத்தக்கசிவும் குறைந்தன. எனவே கொடுத்தால் அப்படிக் கொடுங்கள். ஹெப்பாரினால் தட்டணு சரிந்தவர் என்றால் விவாதமே இல்லை, பிவாலிருடின்தான்.

கே: 70 கிலோ ஆளுக்கு ஸ்டென்ட், எத்தனை யூனிட்?

மேலே சொல்லியாயிற்று. பெருக்கிக்கொள்ளுங்கள்.

கே: காலையில் அபிக்ஸபான் (உறைவுத் தடுப்பு மாத்திரை) சாப்பிட்டவர். ஹெப்பாரினை விட்டுவிடலாமா?

கூடாது. கிலோவுக்கு 60.

கே: அப்பாவுக்கு நேற்று ஸ்டென்ட். வீட்டில் ஹெப்பாரின் ஊசி தொடரணுமா?

வேறு காரணம் இல்லையென்றால் சிகிச்சையோடு முடிந்துவிடும். உறுதிசெய்ய வேண்டியது அவருடைய மருத்துவரிடம்.

கே: தமனி கிழிந்தால் உடனே புரோட்டமைனா (ஹெப்பாரினை முறிக்கும் மருந்து)?

முதலில் பலூனை ஊதிக் கசிவை அடையுங்கள். வயர், பலூன் எல்லாம் வெளியே வந்த பிறகே, 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மி.கி., மெதுவாக. உள்ளே இருக்கும்போதே கொடுத்தால் குழாய் முழுக்க உறையும்.

கே: எனாக்சபரின் மேல் கொஞ்சமாக ஹெப்பாரின்...

வேண்டாம்!