ஒரே பெயர், வேறு வேறு வட்டு

பழைய சிடி வாங்கும் ஆசை மறுபடி கிளம்பியிருக்கிறது போல. இந்த முறை வந்த கேள்விகளில் ஏழு ஒரே ஆல்பத்தைப் பற்றியவை. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து வந்த கேங்ஸ்டா ராப் (தெருச்சண்டை, துப்பாக்கி, போதைப் பொருள் உலகத்தைப் பாடும் ராப்) பாடகர் ஃபிஃப்டி சென்ட், பெரிய நிறுவனம் வழியாக வெளியிட்ட முதல் ஆல்பமான 'கெட் ரிச் ஆர் டை ட்ரையின்'. மிக்ஸி, சார்ஜர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: இணையத்தில் இந்த ஆல்பத்தைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வந்த சிடியில் 'இன் டா கிளப்' பாட்டே இல்லை. விற்றவரோ, "நீங்கள் கேட்ட பெயர்தானே அனுப்பியிருக்கிறேன்" என்கிறார். என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: பெயரை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். இந்தப் பெயரில் இரண்டு ஆல்பம் உண்டு. உங்களுக்கு வேண்டியது 2003 பிப்ரவரியில் வந்தது. 2005இல் ஃபிஃப்டி சென்ட்டே நாயகனாக நடித்து, ஜிம் ஷெரிடன் இயக்கிய படம் ஒன்று அதே பெயரில் வந்தது. அந்தப் படத்தின் பாடல் தொகுப்புக்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். உங்கள் கைக்கு வந்திருப்பது அநேகமாக அதுதான்.

இனி வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். பின் உறையில் ஆண்டு 2003 என்று இருக்க வேண்டும். ஐந்தாவது பாட்டு 'இன் டா கிளப்'. முன் உறையில், துப்பாக்கிக் குண்டு துளைத்து விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பின்னால் அவர் சட்டையில்லாமல் நிற்பார்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்பது விற்பனைப் பக்கத்தில் என்ன போட்டிருந்தார் என்பதைப் பொறுத்தது. 2003 ஆல்பத்தின் படத்தையோ பாட்டுப் பட்டியலையோ போட்டுவிட்டு இதை அனுப்பியிருந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் வாதம் பலவீனம்தான். ஆர்டர் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு மாற்றிவிட்டார்கள் என்று நாம் புலம்ப வேண்டாம்.

கேள்வி: நான் வாங்கிய சிடியில் பல இடங்களில் குரல் சட்டென்று நின்று நின்று போகிறது. இசை மட்டும் ஓடுகிறது. வட்டு பழுதா?

பதில்: இல்லை. இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். வெளிநாட்டில் யாரோ விற்ற பிரதி. கீறல் ஒன்றுகூட இல்லை, விலையும் குறைவு. ஆசையாக ஓட விட்டால், இரண்டாவது பாட்டிலேயே பல் விழுந்த வாய் மாதிரி வரிக்கு வரி ஓட்டை. பிளேயரைக் குறை சொல்லி, லென்ஸைத் துடைத்து, அரை மணி நேரம் போன பிறகுதான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். 'எடிட்டட்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. கெட்ட வார்த்தைகளை அமுக்கிய பதிப்பு.

அமெரிக்காவில் 1980களின் நடுவில் பாட்டு வரிகளைப் பற்றிப் பெற்றோர் எழுப்பிய சத்தத்துக்குப் பிறகு, இசை நிறுவனங்கள் தாங்களாகவே ஓர் எச்சரிக்கை முத்திரை ஒட்ட ஆரம்பித்தன. உறையின் மூலையில் கறுப்பு வெள்ளையில் 'பேரண்டல் அட்வைசரி' என்று இருக்கும். சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. ஆனால் வால்மார்ட் மாதிரி பெரிய கடை, அந்த முத்திரை உள்ள ஆல்பங்களை விற்க மாட்டோம் என்றுவிட்டது. அந்த வியாபாரத்தை யார் விடுவார்கள்? நிறுவனங்கள் அமுக்கிய பதிப்பையும் கூடவே அச்சிட்டன. அந்தப் பிரதிகள்தான் இப்போது பழைய சிடிகளோடு கலந்து சுற்றுகின்றன.

அதனால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுப் பாட்டு, இல்லையென்றால் சந்தேகப்படலாம். உறையின் படம் மங்கலாக இருந்தால் அந்த மூலையை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: "2003 முதல் அச்சு, அரிய பிரதி" என்று ஒருவர் பெரிய விலை சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஆல்பத்தை முதலில் பிப்ரவரி 11 அன்று வெளியிடுவதாக இருந்தது. திருட்டுப் பிரதிகள் முன்பே தெருவுக்கு வந்துவிட்டதால் அவசரமாக 6ஆம் தேதிக்கு முன்னால் இழுத்தார்கள். விற்பனைக் கணக்கு வாரத்தில் பாதி போய்விட்டது, அப்படியும் அமெரிக்காவில் மட்டும் 8,72,000 பிரதி விற்றது. அடுத்த வாரம் மறுபடி 8 லட்சத்துக்கு மேல். அந்த ஆண்டு அங்கே மிக அதிகம் விற்ற ஆல்பம் இதுவே. 2020இல் 9 பிளாட்டினம் சான்றிதழ் கிடைத்தது. ஒரு பிளாட்டினம் என்றால் 10 லட்சம். (இப்போதெல்லாம் ஆன்லைனில் கேட்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள், அதனால் 90 லட்சம் வட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.) முதல் அச்சே லட்சக்கணக்கில் இருக்கும்போது அதில் என்ன அரிது?

முதல் அச்சுக்கு மதிப்பு வருவது உள்ளே இருக்கும் சரக்கு வேறாக இருக்கும்போதுதான். இன்னொரு ராப் பாடகரான ஸ்னூப் டாக்கின் முதல் ஆல்பமான 'டாக்கிஸ்டைல்' 1993இல் வந்தபோது அதில் இருந்த ஒரு பாட்டை, அதில் எடுத்தாண்ட பழைய இசைத்துண்டின் உரிமைச் சிக்கலால் அடுத்தடுத்த அச்சுகளில் நீக்கிவிட்டார்கள். அங்கே முதல் அச்சைத் தேடி அலைவதில் நியாயம் இருக்கிறது. ஃபிஃப்டி சென்ட் விஷயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆரம்பப் பிரதிகள் சிலவற்றோடு ஒரு டிவிடி இலவசமாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதென்றால் கொடுங்கள், ஆனால் டிவிடி உள்ளே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. பெட்டி மட்டும் இருந்து டிவிடி காணாமல் போன பிரதிகளும் விற்பனைக்கு வரும்.

கேள்வி: இதற்கு முன்பே 'பவர் ஆஃப் தி டாலர்' என்று அவர் ஓர் ஆல்பம் போட்டாராமே? அதுதான் உண்மையான முதல் ஆல்பம் என்று சொல்லி ஒரு சிடியைக் காட்டுகிறார்கள்.

பதில்: போட்டார், ஆனால் முழு ஆல்பமாக அது கடைக்கு வரவே இல்லை. கொலம்பியா நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிடுவதாக இருந்தது. அந்த மே 24 அன்று குயின்ஸில் பாட்டி வீட்டு வாசலில் வைத்து அவரைச் சுட்டார்கள். உடம்பில் ஒன்பது குண்டு. ஒன்று கன்னத்தில் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார். நிறுவனம் ஆல்பத்தையும் அவரையும் கைவிட்டுவிட்டது. பாட்டுகள் மட்டும் திருட்டுப் பிரதியாக எல்லா இடத்துக்கும் பரவின. ஆகவே உங்களுக்குக் காட்டிய சிடி அநேகமாக அந்த வகையறா.

சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வட்டைத் திருப்பி டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஆலையில் அச்சானது வெள்ளிபோல இருக்கும். வீட்டில் கணினியில் எழுதியதில் ஊதாவோ பச்சையோ கலந்த சாயல் தெரியும். அடுத்து நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். 1990களின் நடுவிலிருந்து பெரும்பாலான முறையான ஆலைகள் 'ஐஎஃப்பிஐ' என்ற எழுத்துகளோடு ஒரு குறியீட்டை அங்கே பொறிக்கின்றன. கடுகளவு எழுத்து, எனக்குப் பூதக்கண்ணாடி இல்லாமல் தெரிவதில்லை. 2003 சிடி வாங்கும்போதும் இதையே செய்யலாம், அதற்கும் போலிகள் ஏராளம்.

இன்னொன்று: 2002இல் 'கெஸ் ஹூஸ் பேக்' என்று ஒரு தொகுப்பு சிறிய நிறுவனம் வழியாக வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் பிரபல ராப் பாடகர் எமினெம் இவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். நல்ல தொகுப்புதான். ஆனால் 2003 ஆல்பத்தின் கடைசியில் போனஸாக வரும் மூன்று பாட்டில் இரண்டு அதிலேயே இருக்கின்றன. மூன்றாவது, எமினெமின் '8 மைல்' படத் தொகுப்பில் ஏற்கெனவே வந்தது. மூன்றையும் வாங்க நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 14 வயது மகன் பிறந்தநாளுக்கு இந்த ஆல்பத்தைக் கேட்கிறான். அமுக்கிய பதிப்பை வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: அமுக்கிய பதிப்பில் வார்த்தைதான் போகும், சங்கதி போகாது. 'மெனி மென்' பாட்டில் என்னைக் கொல்லப் பலர் அலைகிறார்கள் என்று அவர் சொல்வதை எந்த எடிட்டிங்கும் மாற்றாது. போதைப் பொருள், பழிவாங்கல், பெண்களைப் பற்றிய பேச்சு எல்லாம் அப்படியே இருக்கும். பையனுக்கு ஆங்கிலம் புரிந்தால் விட்டுப்போன வார்த்தையை அவனே நிரப்பிக்கொள்வான். அந்த வயதில் அதுவே ஒரு விளையாட்டு.

என் வீடாக இருந்தால் 14க்கு வாங்க மாட்டேன், 17க்கு வாங்குவேன். மட்டமான ஆல்பம் என்பதால் சொல்லவில்லை. இசைத் தயாரிப்பாளர் டாக்டர் ட்ரேயின் தாளம் சிக்கனமானது, ஒரு தட்டுகூட அதிகம் இருக்காது. அதன் மேல் ஃபிஃப்டி சென்ட் பாதி பேசி, பாதி முணுமுணுத்துப் பாடுவது காதைவிட்டுப் போகாது. கன்னத்துக் குண்டுக்குப் பிறகு நாக்கு லேசாகக் குழறும், அந்தக் குழறலே அவர் முத்திரையாகிவிட்டது. இத்தனை கத்தி கபடாவுக்கு நடுவே '21 கொஸ்டியன்ஸ்' என்று ஒரு காதல் பாட்டு. அது இந்த ஆல்பத்தில் எதற்கு என்று ட்ரே தயங்கினாராம், இவர் பிடிவாதமாகச் சேர்த்தார். முதலில் நீங்கள் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள். பிறகு பையனோடு பேசுங்கள். கடைக்குப் போவது அப்புறம்.

கேள்வி: மாதச் சந்தா கட்டி ஆன்லைனில் கேட்கிறேன். வட்டு எதற்கு?

பதில்: தேவையில்லை என்றால் வாங்காதீர்கள். ஆனால் 2022இல் டெத் ரோ என்ற ராப் இசை நிறுவனத்தை ஸ்னூப் டாக் வாங்கியதும் அதன் பழைய ஆல்பங்களை ஸ்ட்ரீமிங்கிலிருந்து எடுத்துவிட்டார்; அவை திரும்ப வந்தது 2023இல். அந்த இடைவெளியில் சந்தா கட்டியவர்களுக்குப் பாட்டு இல்லை. அலமாரியில் சிடி வைத்திருந்தவர்களுக்கு இருந்தது.

கேள்வி: கீறல் விழுந்த சிடியைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் சரியாகுமா?

பதில்: அடிப்பக்கத்தில் மேலோட்டமான கீறல் என்றால் சில சமயம் உதவும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். படம் அச்சிட்ட மேல்பக்கத்தில் ஆழமான கீறல் என்றால் தொடவே வேண்டாம். பாட்டு பதிந்த அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கீறல் வழியே மறுபக்கம் தெரிந்தால் அந்த இடத்துப் பாட்டு போய்விட்டது.