காதுப் படத்துக்கு நான்கு மணி நேரம் காத்திருப்பது எதற்காக?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. கீழக்கரையில் சங்கு குளிக்கும் தொழில். ஒன்றரை ஆண்டில் நான்கு முறை கடுமையான தலைச்சுற்றல் வந்துவிட்டது. முதலில் வலது காது அடைத்துக்கொள்ளும், இரைச்சல் கேட்கும். பிறகு வீடே சுழல்வதாகச் சொல்லி இரண்டு மூன்று மணி நேரம் வாந்தி எடுப்பார். மறுநாள் எழுந்து நடமாடுவார். மூளைக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது மதுரையில் ஊசி போட்டு, நான்கு மணி நேரம் கழித்து உள்காதுக்கு மறுபடியும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு முறை எடுத்தது போதாதா? அந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சகோதரி, ஸ்கேனுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் இப்போதும் கடலில் இறங்குகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இறங்குகிறார் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கரையில் சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடலாம். நீருக்கடியில் சுற்றினால் மேல் எது, கீழ் எது என்றே தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவருக்கு அங்கே வாந்தியும் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த நேரத்தில் உதவாது. வீட்டு வருமானம் நிற்குமே என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வள்ளத்தில் மேலே இருந்து செய்யும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று பாருங்கள். அதிலும் தனியாக வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர் எடுத்துவரும் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்காதில் ஒலியைக் கேட்கும் பகுதி அதைப்போலவே இரண்டரைச் சுற்றாகச் சுருண்டிருக்கிறது. உயரம் ஏறத்தாழ 5 மி.மீ., ஒரு பட்டாணி அளவு. அந்த எலும்புக் கூட்டுக்குள் ஒரு நீர், அந்த நீருக்குள் மெல்லிய சவ்வுக்குழாய், அந்தக் குழாய்க்குள் இன்னொரு நீர். பக்கத்திலேயே இருக்கும் சமநிலை உறுப்புகளும் இதே அமைப்புதான். உள்ளே இருக்கும் நீர் மிகுந்து சவ்வு உப்பிக்கொள்வதைத்தான் மெனியர் நோயில் பார்க்கிறோம். காது அடைப்பு, இரைச்சல், மணிக்கணக்கில் சுற்றல் என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிசை அந்த நோயை நினைவூட்டுகிறது.

முதலில் எடுத்த படத்தில் தவறு எதுவும் இல்லை. மூளையில் கட்டியோ பக்கவாதமோ இருக்கிறதா என்பதே அதனிடம் கேட்ட கேள்வி. இல்லை என்று அது சொல்லிவிட்டது. அது நல்ல செய்தி. ஆனால் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் காதின் இரண்டு நீரும் ஒரே வெள்ளையாகத் தெரியும், சவ்வு கண்ணுக்குப் படாது. மெனியர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-ல் இந்த நோயை விவரித்தார். சவ்வு உப்பியிருப்பது, இறந்தவர்களின் காது எலும்பை 1938-ல் ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது. உயிரோடு இருப்பவரின் காதில் அதைப் படமாகக் காட்டியவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள், 2007-ல்.

காத்திருப்பதன் காரணம் இதுதான். அந்த ஊசியில் இருக்கும் கடோலினியம் என்ற மருந்து கையின் இரத்தக் குழாய் வழியாக ஏறி, இரத்தத்திலிருந்து காதின் வெளி நீருக்குள் மெதுவாகக் கசிகிறது. உள் நீருக்குள் அது போவதில்லை. நான்கு மணி நேரம் ஆகும்போது வெளி நீர் படத்தில் வெளுத்துத் தெரியும், அதற்கு நடுவே உள் நீர் கருப்பாக நிற்கும். கருப்பு எவ்வளவு பரந்திருக்கிறது என்பதைப் பார்த்து உப்பலை அளக்கிறார்கள். ஊருக்குத் திரும்ப பஸ் இருக்கிறது, சீக்கிரம் எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கிய படங்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து போய்ச் சேராத காதைப் படமெடுத்துப் பயனில்லை. காலையிலேயே ஊசி போட்டுக்கொண்டு பொறுமையாக இருங்கள். 3 டெஸ்லா காந்த வலிமையுள்ள எந்திரம் இருக்கும் மையமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. இத்தனை சிறிய உறுப்புக்கு அந்தத் தெளிவு வேண்டும்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இந்த ஊசியால் அது கெடுவதில்லை. ஏற்கெனவே மிகவும் பழுதடைந்தவர்களுக்கே கவனம் தேவை. அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தச் சோதனை பார்க்கிறார்கள், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். மிகச் சிறிதளவு மருந்து உடலில் தங்குவது உண்டு. அதனால் தீங்கு நேர்ந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை, ஆனாலும் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது. பேஸ்மேக்கரோ, உடலுக்குள் உலோகத் துண்டோ இருந்தால் மறைக்காதீர்கள். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.

ஆனால் இந்தப் படம் இல்லாமலே மெனியர் நோயைக் கண்டறிய முடியும். 2015-ல் வகுத்த அளவுகோல் அப்படித்தான்: 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும் சுற்றல் இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும், ஒரு காதில் தாழ்ந்த ஒலிகள் கேட்பது குறைந்திருப்பதைச் சோதனை காட்ட வேண்டும், அதே காதில் அடைப்போ இரைச்சலோ வந்து போக வேண்டும், வேறு காரணம் இருக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் ஆடியோகிராம் என்ற அந்தக் கேட்கும் திறன் சோதனையை எடுத்ததாக ஒரு சொல்கூட இல்லை. ஸ்கேனைவிடப் பல மடங்கு செலவு குறைந்த சோதனை அது. அதை முதலில் எடுங்கள். அதன் பிறகும் நோய் எதுவென்று தெளிவாகாவிட்டாலோ, காதுக்குள் ஊசி, அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தாலோ, இந்த ஸ்கேனுக்குச் செலவிடலாம். உப்பல் தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் என் மனத்தில் இருக்கிறது. முதல் சுற்றல் எங்கே வந்தது? பத்து மீட்டர் ஆழத்தில் கரையைப்போல் இரு மடங்கு அழுத்தம். காதைச் சமன்செய்யாமல் இறங்கினாலோ, சளி பிடித்திருக்கும்போது மூழ்கினாலோ உள்காதின் சவ்வு கிழிந்து நீர் கசியலாம். அது மெனியர் அன்று, சிகிச்சையும் வேறு. மூழ்கியபோதோ, மேலே ஏறிய அன்றோ சுற்றலும் காது மந்தமும் தொடங்கியிருந்தால் அதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இனி எப்போதாவது காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சுற்றலோடு பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் தளர்ந்தாலோ காது என்று எண்ணி வீட்டில் படுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மதுரைக்குப் போகும்போது பழைய ஸ்கேன் படங்களையும் ஆடியோகிராம் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சுற்றல் வந்த தேதி, நீடித்த நேரம், எந்தக் காது அடைத்தது, அன்று கடலில் இறங்கினாரா என்று நான்கு வரி எழுதி அதோடு வையுங்கள்.